முகாவின் சூரியன் எந்தப் பக்கம் உதித்தது?

ஜனவரி 6

வாசகர் ஒருவரின் கேள்வி இதுதான்: “பாரிசையே கலக்கிய போஸ்டர் ஓவியர் கடைசியில் தபால் தலை வரைய வந்தார் என்றால், மார்க்கெட் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அல்ஃபோன்ஸ் முகாவுக்கு அதுதானே நடந்தது?”

இல்லை. மார்க்கெட் போனவன் கூலிக்கு வரைவான். இவர் காசே வாங்காமல் வரைந்து கொடுத்தார். 1918 அக்டோபர் 28-ஆம் தேதி செக்கோஸ்லோவாகியா என்று ஒரு நாடு பிறக்கிறது. டிசம்பர் 18-ஆம் தேதி அதன் தபால் தலை அஞ்சலகத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. நடுவில் 51 நாள். நிரந்தர அரசியல் சாசனம் கிடையாது, புது நாணயம் கிடையாது, எல்லை எது என்பதே முடிவாகவில்லை. ஸ்டாம்ப் மட்டும் தயார். அப்போது முகாவுக்கு வயது 58.

அதைக் கீழிறக்கம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 6, இரவு

நாளைக்கு என்று சொன்னேன், தூக்கம் வரவில்லை.

சித்தப்பாவின் ஆல்பத்தில்தான் முதலில் பார்த்தேன். எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். பக்கத்தின் அடியில் பென்சிலால் ஆங்கிலத்தில் பெயரை எழுதி வைத்திருந்தார். நான் அதை ‘முச்சா’ என்று சத்தமாகப் படித்தேன். அன்றிலிருந்து வீட்டில் அவர் ‘மூச்சா ஓவியர்’தான். சரியான உச்சரிப்பு முகா, அந்தக் ‘கா’வைத் தொண்டையில் கொஞ்சம் காற்று விட்டுச் சொல்ல வேண்டும். ஸ்லோவாக் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘ஈ’ என்று பொருள். கோந்து தடவிய காகிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

அந்தப் பக்கத்தில் மூன்று தபால் தலைகள் இருந்தன. மூன்றிலும் பிராகா (ஆங்கிலத்தில் பிராக்) நகரத்து ஹ்ரட்சானி கோட்டை, நடுவில் கூர் கூராக எழும் தேவாலயம், சுற்றிச் செடிகொடி அலங்காரம். ஒன்றில் தேவாலயத்துக்குப் பின்னால் சூரியன் கதிர் விரித்து எழுகிறது. மற்ற இரண்டில் சூரியனே இல்லை. இரண்டும் போலி என்று நானாகவே முடிவு கட்டி, ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் கவிழ்த்து ஒட்டி வைத்தேன். பல வருடம் அப்படியே கிடந்தன.

மதிப்பு என்ன, என்ன கலர் என்று கேட்காதீர்கள். சொன்னால் விலை பேச வந்துவிடுவீர்கள்.

ஜனவரி 8

“அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லுங்கள், விக்கிபீடியா மாதிரி வேண்டாம்” என்று ஒருவர். சரி.

1860 ஜூலை 24, இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் இவான்சிட்சே என்ற சிற்றூர். அப்போது ஆஸ்திரியப் பேரரசு. குரல் நன்றாக இருந்ததால் பிர்னோ நகரத் தேவாலயத்தில் பாடகர் குழுவில் சேர்ந்து படித்தார். 1878-இல் பிராகா கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். வேறு தொழில் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அதே நகரத்துக் கோட்டையை வரைந்து நாட்டுக்கே முகம் கொடுக்கப்போகிறவர் அவர் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

அப்புறம் வியன்னா. நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதும் ஒரு கம்பெனியில் வேலை. 1881 டிசம்பர் 8-ஆம் தேதி ரிங் தியேட்டர் பற்றி எரிந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். கம்பெனியின் பெரிய வாடிக்கையாளரே அந்தத் தியேட்டர்தான். கடைசியில் சேர்ந்த பையனுக்கு வேலை போயிற்று. கையில் இருந்த காசு எதுவரை போகுமோ அதுவரை ரயிலில் போய், மிகுலோவ் என்ற ஊரில் இறங்கினார். அங்கே ஆட்களின் முகத்தை வரைந்து வயிறு கழுவினார். ஊர்ப் பக்கத்துப் பிரபு கூன்-பெலாசி என்பவர் கண்ணில் பட்டு, அவருடைய மாளிகைச் சுவரில் படம் எழுதும் வேலை கிடைத்தது. அந்தப் பிரபுவின் காசில்தான் முதலில் மியூனிக், 1887-இல் பாரிஸ். இரண்டு வருடத்தில் பிரபு காசை நிறுத்திவிட்டார். முப்பது வயதை நெருங்கும் ஆள், அந்நிய ஊர், பத்திரிகைகளுக்குப் படம் போட்டு நாளை ஓட்டினார்.

எனக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும். டிக்கெட் காசு தீர்ந்த இடத்தில் இறங்கும் அந்த ஒரு காட்சி போதும். நானும் ஒரு முறை அப்படி இறங்கியிருக்கிறேன். எனக்கு எந்தப் பிரபுவும் கிடைக்கவில்லை, டிக்கெட் பரிசோதகர்தான் கிடைத்தார்.

பிறகு 1894 கிறிஸ்துமஸ் சமயம். லெமெர்சியே அச்சகத்தில் நண்பர் ஒருவருக்காகப் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தார். நடிகை சாரா பெர்னார்டிடமிருந்து அவசரத் தகவல்: ‘கிஸ்மோண்டா’ நாடகத்துக்குப் புத்தாண்டுக்குள் புது போஸ்டர் வேண்டும். ஊரில் வேறு ஓவியர் யாரும் இல்லை. இவர் வரைந்தார். 1895 ஜனவரி 1-ஆம் தேதி பாரிஸ் சுவர்களில் ஏறியது. ராத்திரியில் பிளேடால் சுரண்டி எடுத்துப்போனார்கள் என்று கதை. சாரா ஆறு வருட ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். மற்றதெல்லாம் தெரிந்ததுதான்: ஷாம்ப்னுவா அச்சகத்துக்காக வரைந்த ‘பருவங்கள்’, ஜாப் சிகரெட் தாள் விளம்பரத்தில் தலைமுடியைச் சுருள் சுருளாக விரித்த பெண்.

ஜனவரி 9

நேற்று எழுதியதில் ஒன்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். ஏதோ வானத்திலிருந்து வாய்ப்பு விழுந்த மாதிரி சொல்லிவிட்டேன். அதற்கு நாலைந்து வருடம் முன்பே, நாடக உடைகள் பற்றிய ஒரு பத்திரிகைக்காக கிளியோபாட்ரா வேடத்தில் இருந்த சாராவை வரைந்திருக்கிறார். அந்த முகம் அவர் கைக்கு ஏற்கெனவே பழகியது. திரைச்சீலை எழுதிய அனுபவமும் இருந்தது. ஆளுயரத்துக்கு மேலே ஒரு உருவத்தை நிறுத்த வேண்டும் என்றால் பத்திரிகைப் படக்காரனுக்குக் கை நடுங்கும், மேடைக்குச் சீலை எழுதியவனுக்கு நடுங்காது.

போஸ்டரின் உயரம் இரண்டு மீட்டருக்கு மேல். இதை ஞாபகம் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜனவரி 12

பதினெட்டு வருடம் அச்சகத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒரு விஷயம். பெரிய படத்தைச் சின்னதாக்குவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும்.

காலால் மிதித்து அச்சடிக்கும் ட்ரெடில் மிஷின் காலத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு லெட்டர்ஹெட் வரைந்தேன். உதிக்கும் சூரியன், இருபத்து நாலு கதிர், கீழே அலை. கார்டு அளவுக்கு வரைந்தபோது கோயில் தேர் மாதிரி இருந்தது. பிளாக் எடுத்துக் கட்டைவிரல் அளவில் அடித்தபோது, கதிர்கள் எல்லாம் மையில் ஒட்டிக்கொண்டு, வெல்லத்தில் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. வாடிக்கையாளர் பார்த்துவிட்டு, “இது என்ன, முள்ளம்பன்றியா?” என்று கேட்டார். ஐந்நூறு தாளும் எடைக்குப் போனது, காகிதக் காசு என் சம்பளத்தில் பிடித்தம்.

ஹ்ரட்சானி தபால் தலைகள் அச்சானதும் அதே எழுத்தச்சு முறையில்தான், பிராகாவில் செஸ்கா கிராஃபிக்கா உனியே அச்சகத்தில். மேட்டில் மை தடவிக் காகிதத்தில் அழுத்துவது. செப்புத் தகட்டில் பள்ளம் செதுக்கி அடிப்பது இல்லை. பள்ளம் செதுக்கினால் முடி மாதிரிக் கோடு வரும். மேட்டு அச்சில் கோடு கொஞ்சம் ஊதும். லென்ஸில் பாருங்கள், முகாவின் கோடுகள் ஓரத்தில் லேசாகப் பிதுங்கி நிற்கும். மை அமுங்கி ஓரத்தில் தேங்கிய வரம்பு அது. அதை எதிர்பார்த்துத்தான் தடித்த கோடாகப் போட்டிருக்கிறார். பழக்கப்பட்ட கை.

பல்வெட்டும் கிடையாது, அதாவது கிழித்தெடுக்க ஓரத்தில் துளை வரிசை இல்லை. தாளாக வரும், அஞ்சலகத்தில் கத்தரியால் வெட்டித் தருவார்கள். பல்வெட்டு போட்டவையும் பின்னால் கொஞ்சம் வந்தன. என்னிடம் இருப்பதில் ஒன்றுக்கு இடப்பக்கம் தாராளமாக வெள்ளை ஓரம், வலப்பக்கம் கத்தரி சட்டத்துக்குள்ளேயே போய்விட்டது. கோணலும்கூட. கவுண்டரில் கூட்டம் இருந்திருக்கும்.

ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

ஒப்பிட ஆள் வேண்டும் என்றால் கொலமன் மோசர். வியன்னா ஓவியர். 1906-இல் பொஸ்னியாவுக்கு அவர் வடிவமைத்த தபால் தலைகள், 1908-இல் பேரரசர் பிரான்ஸ் யோசெப்பின் 60-ஆவது ஆட்சி ஆண்டுக்கு வந்த வரிசை. பொஸ்னியா வரிசையைச் செதுக்கியவர் ஃபெர்டினாண்ட் ஷிர்ன்பாக். ஒவ்வொன்றும் ஜன்னல் வழியாக ஊரைப் பார்ப்பது போல இருக்கும். வேடிக்கை என்னவென்றால், 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பொஸ்னியா அரங்குக்குச் சுவர் ஓவியம் எழுதியவர் நம் முகா. ஒரே நாட்டுக்கு ஒருவர் சுவர், இன்னொருவர் தபால் தலை.

மோசர் இறந்தது 1918 அக்டோபர் 18. சரியாகப் பத்து நாள் கழித்து செக்கோஸ்லோவாகியா பிறந்தது.

உண்மையைச் சொன்னால், தபால் தலை என்ற கலையில் மோசர் ஒரு படி மேல். முகா சட்டத்துக்குள் நிறையத் திணித்துவிட்டார். கோட்டை, செடி, எழுத்து, எண், சூரியன். முதல் நாள் கேள்வி கேட்டவர் இதைப் படித்து மகிழலாம்.

ஜனவரி 13

மகிழ்ந்தாராம்.

ஜனவரி 15

சூரியன் விவகாரத்துக்கு வருகிறேன்.

கோட்டை இருப்பது வில்டாவா ஆற்றின் மேற்குக் கரையில், குன்றின் மேல். பழைய நகரம் கிழக்குக் கரையில். ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கோட்டையைப் பார்ப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, மேற்கே முகம் திருப்பித்தான். அந்தப் பக்கம் சூரியன் அஸ்தமிக்கும், உதிக்காது. நாட்டின் முதல் தபால் தலையில் விடியல் என்று வரைந்ததைப் பார்த்து, “சூரியன் என்றைக்கு அங்கே உதித்தது?” என்று கேட்டுவிட்டார்கள். புதுச் சுதந்திர நாட்டின் அடையாளமே அஸ்தமனமா என்று கேலி. அதற்குப் பிறகு சில வடிவங்களில் சூரியனை எடுத்துவிட்டார்கள் என்பது சேகரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை. 1 ஹாலரிலிருந்து (ஹாலர் அங்கத்திய சில்லறைக் காசு) 1000 ஹாலர் வரை போன அந்த வரிசையில் சூரியன் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு.

ஆக, சின்ன வயதில் நான் கவிழ்த்து ஒட்டிய இரண்டும் போலி இல்லை. சித்தப்பா உயிரோடு இருந்தபோது இது எனக்குத் தெரியவில்லை. “போலியை ஏன் காசு கொடுத்து வாங்கினீர்கள்” என்று ஒருமுறை அவரிடமே கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார்.

பல வருடம் கழித்து வேலை விஷயமாகப் பிராகா போனேன். ஜூன் மாதக் கடைசி. ஒன்பது மணிக்கும் வெளிச்சம். சார்லஸ் பாலத்தின் பழைய நகரத்துப் பக்கம் கோபுரத்தடியில் நின்றேன். சூரியன் இறங்கி இறங்கி தேவாலயத்துக் கூர்முனைகளுக்குப் பின்னால் வந்தது. கதிர் இரண்டு பக்கமும் தெறித்தது. அப்படியே அந்தத் தபால் தலை. பக்கத்தில் நின்ற எல்லோரும் போன் எடுத்தார்கள். நானும் எடுத்தேன், தெரு விளக்குதான் விழுந்தது.

அன்றைக்கு நினைத்தேன்: அவர் கண்ணால் பார்த்ததைத்தான் வரைந்தார். உதயம் என்று பெயர் வைத்ததில் மட்டும் அரசியல் இருந்தது.

ஜனவரி 16

மேலே எழுதிய கடைசி இரண்டு வரியையும் வாபஸ் வாங்குகிறேன். பாலத்தில் நின்ற கிறக்கத்தில் எழுதியது. அவர் அந்த இடத்தில் நின்று பார்த்தார் என்பதற்கு என் கையில் எதுவும் இல்லை. பல வருடம் பாரிசில் அலங்காரச் சூரியனும் வளையமும் போட்டுப் பழகியவர், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போடாமல் அவருக்குக் கை நிற்காது. சாராவுக்குப் போட்ட வட்டத்தையே தேவாலயத்துக்கும் போட்டிருக்கலாம்.

ஜனவரி 17

‘முதல் தபால் தலை’ என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டார் ஒருவர். நியாயம்தான். 1918 நவம்பர் 7 முதல் பிராகாவில் சாரணர் பையன்கள் தேசியக் குழுவின் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதற்கென்று 10, 20 ஹாலரில் சிங்கச் சின்னத்தோடு தபால் தலை போட்டார்கள். சில வாரம் ஓடியது. டிசம்பர் 21-ஆம் தேதி முதல் குடியரசுத் தலைவர் மசாரிக் நாடு திரும்பியபோது அதன் மேலேயே அவர் வருகையைச் சொல்லும் வாசகம் அச்சடித்து மறுபடி பயன்படுத்தினார்கள். ஆகவே நாட்டின் முதல் அஞ்சல்காரர்கள் அரைக்கால் சட்டைப் பையன்கள். முகாவினுடையது அஞ்சல் துறை வெளியிட்ட முதல் வரிசை. டிசம்பர் 18-ஐத்தான் அங்கே இன்றும் தபால் தலை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஜனவரி 20

இன்னொரு சின்ன விஷயம், பூதக்கண்ணாடிக்காரர்களுக்கு. தபால் தலையில் உள்ள வாசகத்தில் ‘செஸ்கோ-ஸ்லோவென்ஸ்கா’ என்று நடுவில் ஒரு சிறுகோடு இருக்கும். 1920 அரசியல் சாசனத்தில் அந்தக் கோடு இல்லாமல் நாட்டின் பெயரை ஒரே சொல்லாக்கினார்கள். 1990-இல் அந்தக் கோடு வேண்டுமா வேண்டாமா என்று நாடாளுமன்றத்தில் பெரிய சண்டை, ‘சிறுகோட்டுப் போர்’ என்றே பெயர். 1993 ஜனவரி 1-ஆம் தேதி இரண்டு நாடாகவே பிரிந்துவிட்டார்கள். முகா போட்ட கோட்டில்தான் கடைசியில் கிழிந்தது. நல்ல வேளை, பல்வெட்டு போடவில்லை.

ஜனவரி 24

தலைகீழாக இன்னொரு கணக்கு. தபால் தலை வரைந்த அதே காலத்தில் அந்த மனிதர் வேறு என்ன செய்துகொண்டிருந்தார்?

‘ஸ்லாவியக் காவியம்’. ஸ்லாவிய மக்களின் வரலாற்றைச் சொல்லும் இருபது ஓவியங்கள். பெரியவை 6 மீட்டருக்கு 8 மீட்டர். அமெரிக்காவுக்குப் போய் ஆள் பிடித்து வந்தார். சிகாகோ பணக்காரர் சார்ல்ஸ் கிரேன் செலவை ஏற்றார். 1910-இல் ஊர் திரும்பி, ஸ்பிரோ கோட்டையில் பெரிய கூடம் எடுத்து, 1926 வரை வரைந்தார். 1919-இல் முதல் பதினொன்றைப் பிராகாவில் கிளெமென்டினத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அதாவது, அஞ்சலகத்தில் சின்னது விற்றுக்கொண்டிருந்த நாட்களில் பெரியதும் ஊருக்குள் இருந்தது.

தபால் தலையை இரண்டு செ.மீ.க்கு இரண்டரை என்று வைத்துக்கொண்டால், பெரிய ஓவியம் ஒன்றை மூட ஏறத்தாழ ஒரு லட்சம் தபால் தலை வேண்டும். ஏணியிலிருந்து இறங்கி மேஜைக்கு வந்து கட்டைவிரல் அளவுக்குக் கோடு போட்ட கை ஒன்றேதான்.

இப்போது பாருங்கள். எது ஜெயித்தது? 1928-இல் ஓவியம் இருபதையும் பிராகா நகரத்துக்குச் சும்மா கொடுத்தார், ஒரு மண்டபம் கட்டி வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு. அவர் காலத்தில் கட்டவில்லை. புதுக்கலை விமரிசகர்கள் பழைய சரக்கு என்றார்கள். போர் வந்ததும் சுருட்டி ஒளித்து வைத்தார்கள். 1963-இலிருந்து மொராவ்ஸ்கி கிரும்லோவ் என்ற சிற்றூரில் காட்சிக்கு இருந்தது, பிராகாவில் இல்லை. 2012-இல் பிராகாவுக்கு வந்தது. 2017-இல் டோக்கியோ போய்வந்தது. 2021-இல் மறுபடி மொராவ்ஸ்கி கிரும்லோவ் போனது. சின்னது எத்தனை கோடி கடிதத்தில் ஏறி எங்கெங்கே போனதோ.

பெரியது தோற்றது, சின்னது ஜெயித்தது. முதல் நாள் கேள்விக்கு இதுதான் என் பதில்.

ஜனவரி 25

தூங்கி எழுந்ததும் அந்தக் கடைசி வரி பிடிக்கவில்லை. பட்டிமன்றத் தீர்ப்பு மாதிரி இருக்கிறது.

தபால் தலை ‘ஜெயித்தது’ என்றால் யார் பார்த்தார்கள்? நக்கி ஒட்டினார்கள், முத்திரை குத்தினார்கள், உறையைக் கிழித்தார்கள். காவியத்தின் முன்னால் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தவர் ஒருவராவது உண்டு. ஹ்ரட்சானியை நின்று பார்த்தவர்கள் எங்களைப் போன்ற கிறுக்கர்கள் மட்டுமே.

ஆனால் முகாவுக்கு அது வருத்தமாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது. அவருடைய பிஸ்கட் டப்பா, சிகரெட் தாள், நாட்காட்டி எதையும் யாரும் நின்று பார்க்கவில்லை. வீட்டில் கிடந்தது, கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. போஸ்டரிலிருந்து தபால் தலைக்கு வந்தது இறக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை. தெருச் சுவரிலிருந்து கடிதத்தின் மூலைக்கு இடம் மாறினார், அவ்வளவுதான். அவர் மாறாக எண்ணியது காவியத்தைப் பற்றி. அதைத்தான் தன் வாழ்க்கை வேலை என்று நினைத்தார். பாவம்.

ஜனவரி 27

மற்ற வேலைகளைக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: பத்திரிகை அஞ்சலுக்கான தபால் தலை அவருடையது, பறக்கும் வல்லூறு. கட்டணம் குறைந்தால் வசூலிக்கும் தபால் தலையும் அவர் வரைந்ததே. பணத்தாள்களும் வரைந்தார். 1920-இன் 100 கொருனா தாளில் உள்ள பெண் முகத்துக்கு மூலம், கிரேனின் மகள் ஜோசஃபினை ‘ஸ்லாவியா’ தேவியாக முன்பே வரைந்த ஓவியம். காவியத்துக்குக் காசு கொடுத்தவரின் மகள், நாட்டின் காசிலேயே ஏறிவிட்டார். அந்தத் தாளை அச்சடித்ததும் நியூயார்க்கில்தான்.

பிப்ரவரி 2

கடைசிக் காலத்தை எழுதாமல் தள்ளிக்கொண்டிருந்தேன்.

1939 மார்ச் 15-ஆம் தேதி ஜெர்மன் படை பிராகாவுக்குள் வந்தது. தேசியவாதி, ஸ்லாவியப் பற்றாளர், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தின் செக் கிளைக்குத் தலைவர். பட்டியலில் பெயர் இல்லாமல் இருக்குமா. நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ பிடித்துப்போய் விசாரித்தது. 78 வயது ஆள். விட்டுவிட்டார்கள், ஆனால் உடம்பு தேறவில்லை. ஜூலை 14-ஆம் தேதி நுரையீரல் அழற்சியில் இறந்தார். பத்து நாள் இருந்திருந்தால் 79. விஷெஹ்ராட் இடுகாட்டில் அடக்கம்.

ஹ்ரட்சானி கோட்டையில் அப்போது வேறு கொடி பறந்தது.

பிப்ரவரி 3

இதை விட்டுவிட்டேன். அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே முகாவின் வேலை ஒன்று இருக்கிறது. புனித விட்டஸ் பேராலயம், 1344-இல் கட்ட ஆரம்பித்தது, முடித்தது 1929-இல். தபால் தலையில் அவர் வரைந்தபோது உள்ளே இன்னும் வேலை நடந்துகொண்டிருந்த கட்டடம். 1931-இல் அதன் வடபக்கத்து ஜன்னல் ஒன்றுக்குக் கண்ணாடி ஓவியம் கொடுத்தார். நடுவில் செக் நாட்டுப் புனிதர் வாட்ஸ்லாவ் சிறுவனாக, பக்கத்தில் பாட்டி லுட்மிலா, சுற்றி ஸ்லாவியருக்குக் கிறிஸ்தவம் கொண்டுவந்த சிரில், மெத்தோடியஸ் கதைகள். அடியில் செலவை ஏற்ற ஸ்லாவியா வங்கியின் பெயர் தெளிவாக இருக்கிறது. விளம்பரக்காரர் கடைசிவரை விளம்பரக்காரர்தான்.

நான் போன நேரம் காலை. வடக்கு ஜன்னல், நேர் வெயில் விழாது. இருந்தும் உள்ளே நீலமும் மஞ்சளும் ததும்பிக்கொண்டிருந்தன. கண்ணாடித் துண்டுகளைக் கோத்தது போலத் தூரத்தில் தெரியும், கிட்டே போனால் கண்ணாடி மேல் தூரிகையால் எழுதியது. கழுத்து வலிக்கப் பார்த்தேன்.

பிப்ரவரி 11

தம்பி மகன் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தான். கவிழ்த்து ஒட்டியிருந்த இரண்டையும் நேற்று வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, கோந்து கரைந்ததும் சாமணத்தால் எடுத்து, ஒற்றுத்தாளில் காயவைத்தேன். காய்ந்ததும் சுருண்டுகொண்டன. அகராதிக்கு அடியில் ஒரு ராத்திரி.

இன்று காலை பார்த்தேன். முதலாவதில் சூரியன் இல்லை. சரி.

இரண்டாவதில் தேவாலயத்துக்கு மேலே அஞ்சல் முத்திரை கறுப்பாக அப்பியிருக்கும். அதைத்தான் வெறும் வானம் என்று எண்ணியிருந்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் முத்திரை மையின் அடியில் மேடு மேடாகக் கோடுகள். ஒன்று, இரண்டு, ஏழு வரை எண்ணினேன். கதிர்கள்.

ஆக, சூரியன் இல்லாதது ஒன்றுதான். ஜனவரி 6 இரவு எழுதியதைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.